நான்கு பேருமே அரைகுறை: டன்ஜன் டிஃபெண்டர்ஸ் ஏன் விடாமல் இழுக்கிறது

கூட்டாக விளையாடலாம் என்று சொல்லி விற்கிற பல கேம்களில் நான்கு பேர் ஆளுக்கொரு துப்பாக்கியோடு ஒரே தெருவில் ஓடிக்கொண்டு ஒரே வேலையைத்தான் செய்வார்கள். நடுவில் ஒருவர் வீட்டில் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனால், மற்ற மூவருக்கும் சுட வேண்டியது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டன்ஜன் டிஃபெண்டர்ஸில் ஒருவர் எழுந்து போனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த வாசல் ஆட்டம் காண ஆரம்பிக்கும். அவர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே எடுத்துச் செய்யும் திறமை மற்ற யாரிடமும் இருக்காது. வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் ஆட்கள் ஏன் இதற்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று கேட்டால் என் பதில் இங்கேதான் தொடங்கும்: இதில் எந்தக் கேரக்டரும் தனியாக முழுமை கிடையாது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரத்தில் இருந்த ட்ரெண்டி என்டர்டெயின்மென்ட் என்ற சின்ன நிறுவனம் இதை 2011 அக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றுக்கும் வெளியிட்டது. அதற்கு முன்பே 2010 டிசம்பரில் ஒரு மொபைல் வடிவம் வந்திருந்தது. அதற்கும் முன்னால், விளையாட்டுகளை உருவாக்க உதவும் அன்ரியல் இன்ஜின் என்ற மென்பொருளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று காட்டுவதற்கான ஒரு மாதிரி விளையாட்டாகத்தான் இந்த யோசனை பிறந்தது. அதன் பின்னால் இருந்த ஜெரமி ஸ்டீக்லிட்ஸ் பிற்பாடு ஆர்க் என்ற டைனோசர் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர்.

கதை எளிமையானது. எதேரியா என்ற உலகத்தில் பெரிய வீரர்கள் எல்லாம் வெளியூர் போயிருக்கிறார்கள், கோட்டையைப் பார்த்துக்கொள்ளச் சின்னப் பிள்ளைகள் நான்கு பேரை விட்டுவிட்டு. பிள்ளைகள் தெரியாத்தனமாக ஒரு கிரிஸ்டலை நோண்டிவிட, அதில் அடைக்கப்பட்டிருந்த பழைய தீய சக்திகளின் படை கிளம்பிவிடுகிறது. இனி கோட்டையின் நடுவில் இருக்கும் கிரிஸ்டலை இந்த நான்கு பிள்ளைகள்தான் காப்பாற்ற வேண்டும். எதிரிகள் வேவ் வேவாக, அதாவது அலை அலையாக, வருவார்கள், நடுவே கட்டுவதற்கு நேரம் கிடைக்கும், கிரிஸ்டல் உடைந்தால் தோல்வி. நான்கு பேரும் வீரர்கள் கிடையாது, வீரர்களாகப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். கேரக்டர்களின் அரைகுறைத்தனத்தைக் கதையே சொல்லிவிடுகிறது.

டவர் டிஃபென்ஸ் என்ற வகை, அதாவது வழியில் டவர்களை வைத்து எதிரிகளைத் தடுக்கும் விளையாட்டு, இதற்கு ரொம்ப முன்பே இருந்தது. 1990இல் அட்டாரியின் ராம்பார்ட்டில் கோட்டைச் சுவரை ஒட்டுப்போட்டுக்கொண்டே பீரங்கி வைத்துச் சுட்டார்கள். அப்புறம் ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் 3 இரண்டிலும் ரசிகர்களே மேப், அதாவது விளையாடும் களம், செய்து டவர் டிஃபென்ஸ் விளையாடினார்கள். 2007இல் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் வந்தபோது அலுவலகத்தில் பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடியவர்கள் எத்தனையோ பேர், 2009இல் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் அதை வீட்டில் எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவற்றில் பெரும்பாலானவற்றில் நீங்கள் எங்கோ மேலே இருந்து பார்க்கும் ஒரு கை. டவரை வைப்பீர்கள், அப்புறம் அது சுடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தப்பாக வைத்துவிட்டால் பார்த்துக்கொண்டே தோற்க வேண்டியதுதான்.

2011இல் ஒரே சமயத்தில் சிலருக்கு ஒரே யோசனை வந்திருக்கிறது: அந்தக் கையைத் தரைக்கு இறக்கிவிடலாம். சாங்க்டம், ஆர்க்ஸ் மஸ்ட் டை, டன்ஜன் டிஃபெண்டர்ஸ் மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. மூன்றிலும் நீங்கள் கட்டிய பொறிகளுக்கு நடுவிலேயே நின்று சண்டை போடலாம். நான் மூன்றையும் விளையாடியிருக்கிறேன், மூன்றுமே நல்ல விளையாட்டுகள். ஆனால் நண்பர்களோடு மாதக்கணக்கில் உட்கார வைத்தது டன்ஜன் டிஃபெண்டர்ஸ் மட்டும்தான்.

நான்கு கேரக்டர்களைப் பார்த்தால் காரணம் தெரியும். ஸ்கொயர் கத்தி வைத்திருக்கும் பையன். முள் பதித்த தடுப்பு, எதிரியைப் பின்னால் தள்ளிவிடும் தடுப்பு, நேர்கோட்டில் துளைத்துக்கொண்டு போகும் ஈட்டி எய்கிற டவர் எல்லாம் இவன் கட்டுவது. தடுப்பு என்றால் இவன்தான். அப்ரென்டிஸ் மந்திரக்காரப் பையன். தொலைவிலிருந்து தாக்கும் மந்திர டவர், தீயுருண்டை டவர், ஒருவனிலிருந்து அடுத்தவனுக்குத் தாவும் மின்னல் டவர் இவனுடையவை. இவனும் ஒரு தடுப்பு வைத்திருக்கிறான், ஆனால் அது நோஞ்சான். ஹன்ட்ரெஸ் வில் பிடித்த பெண், தரையில் பொறி புதைப்பாள்: வெடி, நெருப்பு, எதிரியை மயக்கி நிறுத்தும் வாயு, கண்ணைக் கட்டிவிடும் இருட்டு. நான்காவது ஆள் மங்க். இவன் கட்டுவது எதுவும் எழுந்து நிற்காது. தரையில் பெரிய ஒளிவட்டம் விரிப்பான், ஆரா என்பார்கள். ஒன்று எதிரியின் காலைப் பிடித்து மெதுவாக்கும், ஒன்று மின்சாரம் பாய்ச்சும், ஒன்று நம் ஆட்களின் காயத்தை ஆற்றும், ஒன்று எதிரியின் அடியையே வலுவிழக்கச் செய்யும், இன்னொன்று எதிரிகளுக்கு வெறி ஏற்றி ஒருவரையொருவர் அடிக்க வைக்கும்.

இப்போது ஒவ்வொருவரையும் தனியாக ஒரு வாசலில் நிறுத்திப் பாருங்கள். ஸ்கொயரின் தடுப்பு நிற்கும், ஆனால் பின்னாலிருந்து அம்பு விடும் டார்க் எல்ஃப்களைத் தொட அதனால் முடியாது. அப்ரென்டிஸின் டவர்கள் பிரமாதமாகச் சுடும், எதிரி கிட்டே வந்துவிட்டால் அடி தாங்காது. ஹன்ட்ரெஸின் பொறிகள் குறிப்பிட்ட தடவைதான் வெடிக்கும், தீர்ந்ததும் போய் மறுபடி நிரப்பியாக வேண்டும், அதற்குள் நான்கு பேர் தாண்டிப் போயிருப்பார்கள். மங்கின் ஆராவுக்குள் எல்லோரும் தள்ளாடித் தள்ளாடி நடப்பார்கள், ஆனாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இதே நான்கையும் ஒரே இடத்தில் அடுக்குங்கள். முன்னால் ஸ்கொயரின் முள்தடுப்பு, அதன் காலடியில் மங்கின் ஆரா, ஆராவுக்குள் ஹன்ட்ரெஸின் பொறி, பின்னால் அப்ரென்டிஸின் டவர். தடுப்பு எதிரியை நிறுத்துகிறது, நிற்பதால் அவன் ஆராவுக்குள்ளேயே கிடக்கிறான், கிடப்பதால் பொறி வீணாகாமல் வெடிக்கிறது, இவ்வளவும் நடக்கும்போது டவருக்குச் சுட நிறைய நேரம் கிடைக்கிறது. ஆராவும் பொறியும் தரையோடு இருப்பவை என்பதால் தடுப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைக்கலாம். இந்தச் சின்ன விஷயத்தில்தான் மொத்த விளையாட்டும் நிற்கிறது என்று நினைக்கிறேன். என் வேலையும் உங்கள் வேலையும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இல்லாமல் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஓகர் என்ற ராட்சத எதிரி ஒன்று அந்தத் தடுப்பில் வந்து முட்டி நின்று விழும்போது அதை யார் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு பேருக்கும் அது தன்னுடையது.

எதிரிகளையும் இதே கணக்கில்தான் அமைத்திருக்கிறார்கள். கோபால்ட் என்று ஒரு குட்டி ஜென்மம், வெடிமருந்தைச் சுமந்துகொண்டு ஓடி வந்து நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய தடுப்பில் மோதி வெடிக்கும். ஸ்கொயருக்கு அதைக் கண்டாலே ஆகாது, அது கிட்டே வருவதற்குள் வேறு யாராவது சுட்டு வீழ்த்த வேண்டும். வைவர்ன்கள் பறந்து வரும், தரையில் நீங்கள் எழுப்பிய சுவர் அவற்றுக்கு ஒரு பொருட்டே கிடையாது, நேராகக் கிரிஸ்டலுக்குப் போகும். ஆக ஒவ்வொரு எதிரியும் யாரோ ஒருவரின் பலவீனத்தைத் தேடி வருகிறான், அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரின் பலம் தேவைப்படுகிறது.

சரி, சண்டை இப்படி. ஆனால் எனக்கு இந்த விளையாட்டில் அதிகம் பிடித்தது சண்டை நடக்காத நேரம்தான்.

ஒரு வேவ் முடிந்ததும் கட்டும் நேரம் வரும். ஒவ்வொரு வாசலுக்கும் மேலே அடுத்து யார் யார் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று படம் போட்டு எண்ணிக்கையோடு தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாமே கண்முன்னால். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியிருக்கிறவர்களுக்கு இந்த நேரத்தின் அருமை உடனே புரியும். ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருவதற்குள் இலை எடுக்க வேண்டும், மேஜை துடைக்க வேண்டும், புது இலை போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும், வாளியை நிரப்ப வேண்டும், போன தடவை கடைசி வரிசைக்குப் பொரியல் எட்டவில்லை என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் அதற்கு வழி செய்ய வேண்டும். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. இங்கேயும் அதுதான். மேற்கு வாசலில் தடுப்பு பாதி உயிரில் இருக்கிறது, பொறி தீர்ந்துவிட்டது, அடுத்த வேவில் ஓகர் இரண்டு வருகின்றன. நான்கு பேரும் பேசிக்கொண்டே ஓடுவார்கள். ஆன்லைன் விளையாட்டுகளில் பெரும்பாலும் பேச நேரமே கிடையாது, கிடைக்கிற நேரத்தில் கத்தல்தான். இதில் பேச்சுக்கென்றே நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பேச ஒரு பொருளும் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு விளையாடும்போதுகூட மூன்றாவது வேவுக்குள் ஒருவருக்கொருவர் பழகியிருக்கும்.

மேப்பில் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு, அது குழு முழுவதற்கும் சேர்த்துத்தான். ஒருவர் ஆசைப்பட்டு நான்கு டவரைக் கூடுதலாக நட்டால் இன்னொருவரின் ஆராவுக்கு இடமில்லாமல் போகும். அதனால் "இது எதுக்கு?" என்ற கேள்வியை யாரும் யாரையும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

மானாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை நிறக் கற்களாக எதிரியிடமிருந்தும் பெட்டிகளிலிருந்தும் சிதறும். கட்ட மானா, மேம்படுத்த மானா, உடைந்ததைச் சரிசெய்ய மானா, மந்திரத்துக்கும் மானா. மேப் முடிந்ததும் மிச்சம் உங்கள் கணக்கில் சேரும், அதை வைத்து ஆயுதத்தையும் கவசத்தையும் ஏற்றலாம். ஆக இப்போது செலவழிப்பது எல்லோருக்கும் நல்லது, சேர்த்து வைப்பது எனக்கு நல்லது. இதற்கு மேல், தரையில் கிடப்பதை யார் எடுக்கிறாரோ அவருக்குத்தான். பேராசைக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு பொத்தானையும் வைத்திருக்கிறார்கள்: உங்கள் மானாவைக் கீழே போடலாம், இன்னொருவர் எடுத்துக்கொள்வார். நானும் என் சித்தி மகனும் ஒரே கணினியில் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு விளையாடுவோம், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் "மானா போடுண்ணா". போட்டதும் அவன் ஓடிப்போய் ஒரு டவரை மேம்படுத்துவான், அந்த டவர்தான் அந்த வேவைக் காப்பாற்றும். கொடுத்தது எங்கே போனது என்று கண்ணால் பார்க்கலாம். கொடுப்பதில் இருக்கும் சந்தோஷத்தை இவ்வளவு சுலபமாக உணர வைத்த இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் டவர் டிஃபென்ஸ் பக்கம். இதை மாதக்கணக்கில் நீட்டுவது ரோல்-பிளேயிங் பக்கம். லெவல் ஏறினால் புள்ளிகள் கிடைக்கும், அவற்றை உங்கள் உடலுக்கும் போடலாம், நீங்கள் கட்டும் டவர்களுக்கும் போடலாம். டவரின் உயிர், அடி, வேகம், எட்டும் தூரம் எல்லாம் கட்டியவரின் புள்ளிகளையும் அவர் அணிந்திருக்கும் பொருட்களையும் பொறுத்தவை. இதனால் ஒரே டவரை இரண்டு பேர் கட்டினால் இரண்டும் வேறு வேறு. உங்கள் நண்பர் கட்டிய தடுப்பில் அவருடைய இரண்டு மாத உழைப்பு இருக்கிறது. ஒரு தலைக்கவசத்துக்காக அவர் ஒரே மேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டியது இருக்கிறது. அதன் பின்னால் நின்று நீங்கள் அம்பு விடுகிறீர்கள்.

கிடைக்கும் பொருட்கள் ஒவ்வொன்றின் எண்களும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து மாறும். நான்கு கவசமும் ஒரே வகையாக இருந்தால் கூடுதல் பலன் உண்டு, எனவே நல்ல பூட்ஸ் கிடைத்தும் அது வேறு வகை என்பதால் தூக்கிப்போட மனசு வராமல் வைத்துக்கொள்வீர்கள். மேப்புகளுக்கு நடுவே எல்லோரும் டேவர்ன் என்ற ஒரு சத்திரத்தில் கூடுவார்கள். அங்கே ஒன்றும் நடக்காது, கிடைத்ததைக் காட்டிக்கொள்வது, கொடுத்து வாங்குவது, அடுத்து எங்கே போகலாம் என்று பேசுவது. கணினியில் சிலர் தங்கள் டேவர்னையே கடையாக மாற்றி, பொருட்களைப் பரப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள், முன்பின் தெரியாதவர்கள் வந்து பார்த்து மானா கொடுத்து வாங்கிப் போவார்கள்.

குறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டைக் காப்பாற்றிய அதே ரோல்-பிளேயிங் பக்கம்தான் அதைக் கெடுக்கவும் செய்தது. எளிய நிலைகளில் நான்கு பேரும் அரைகுறையாக இருப்பார்கள், நான்கு பேரும் தேவை. இன்சேன், அதற்கு அப்புறம் வந்த நைட்மேர் என்று கடினமான நிலைகளுக்கு மேலே போகப் போக எண்கள் பூதாகரமாகிவிடும். நல்ல கவசம் சேர்த்த ஒருவர் தன்னுடைய நான்கு கேரக்டர்களையும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து தடுப்பு, டவர், பொறி, ஆரா எல்லாவற்றையும் தானே கட்டிவிடுவார். மற்ற மூன்று பேர் ஓரமாக நிற்க வேண்டியதுதான், அவர்கள் கட்டினால் பலவீனமாக இருக்கும் என்பதால் கட்டாதே என்றுகூடச் சொல்வார்கள். லெவல் மட்டும் ஏறும். புதிதாக வருகிறவர் ஒரே ராத்திரியில் உச்சத்துக்குப் போய்விட்டு, இந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே விட்டுவிடுவார். பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, மெதுவாகக் கற்றுக்கொள்ளும் அந்த முதல் இருபது மணி நேரத்தை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

தோற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் தோல்வி பெரும்பாலும் கடைசி வேவில்தான் வரும், அரை மணி நேரம் ஒழுங்காகப் போனது இரண்டு நிமிடத்தில் சரியும். ஒரு தடுப்பு உடையும், அதைச் சரிசெய்யப் போனவர் இறப்பார், அவர் பார்த்த பக்கத்திலிருந்து எதிரிகள் கொட்டுவார்கள், எல்லோரும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு கிரிஸ்டலைச் சுற்றி நின்று கையால் அடித்துக்கொண்டிருப்பார்கள். எரிச்சல் வர வேண்டிய இடம். ஆனால் நடப்பது வேறு. எங்கே ஓட்டை விழுந்தது என்று நான்கு பேருக்குமே தெரிந்திருப்பதால், கிரிஸ்டல் உடைந்த பத்தாவது வினாடியில் "அந்த மூலையில் ஆரா ஒன்று போட்டிருந்தால்..." என்று பேச்சு ஆரம்பித்துவிடும். திட்டுவதற்குப் பதிலாகத் திட்டம். நேரம் என்ன என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த ருசியை நிறுவனமே ஒரு கட்டத்தில் தவறவிடப் பார்த்தது என்பதுதான் ஆச்சரியம். இரண்டாம் பாகத்தை 2013இல் அறிவித்தபோது, இரண்டு அணிகள் மோதிக்கொள்ளும் போட்டி விளையாட்டாகத்தான் முதலில் முன்னிறுத்தினார்கள். அப்போது அந்த வகை உலகமெங்கும் கொடிகட்டிப் பறந்த நேரம். பிறகு அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூட்டாகக் காக்கும் விளையாட்டுக்கே திரும்பினார்கள், இலவச விளையாட்டாக 2017இல் முழுமையாக வந்தது. நிறுவனம் பிற்பாடு கிரோமாட்டிக் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2019இல் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடமே பணம் திரட்டி, 2020 மே மாதம் டன்ஜன் டிஃபெண்டர்ஸ் அவேக்கண்ட் என்று முதல் விளையாட்டைப் புதிதாகச் செய்து கொடுத்தது. அதில் திரும்பி வந்தவர்கள் யார் என்று பாருங்கள்: அதே ஸ்கொயர், அதே அப்ரென்டிஸ், அதே ஹன்ட்ரெஸ், அதே மங்க். நடுவில் வந்து சேர்ந்த பார்பேரியன், சம்மனர், ஜெஸ்டர் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள், ஆனால் ரசிகர்கள் காசு கொடுத்துத் திரும்பக் கேட்டது இந்த நான்கு பேரை மையமாக வைத்த விளையாட்டை. 2016இல் டெர்ரேரியா என்ற வேறொரு விளையாட்டுக்குள்ளும் இந்தக் கிரிஸ்டலும் எதிரிப் படையும் ஒரு தனி நிகழ்வாகப் போய்ச் சேர்ந்தன. டெர்ரேரியா விளையாடுகிற பலர் இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே அந்தக் கிரிஸ்டலைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்டால், முதல் விளையாட்டையோ அவேக்கண்டையோ எடுத்து, உங்களைப் போலவே ஒன்றும் தெரியாத ஒருவரோடு டீப்பர் வெல் மேப்பில் தொடங்குங்கள் என்பேன். ஒருவர் ஸ்கொயர், ஒருவர் மங்க். உச்சத்தில் இருக்கும் நண்பர் கூட வருகிறேன் என்றால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். மங்க் எடுப்பவருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், தான் கட்டியது எதுவும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, எல்லோரும் தடுப்பைப் பற்றியே பேசுவார்கள். நான்கைந்து மேப் போகட்டும். வாசலுக்கு மேலே கோபால்ட் படமும் பக்கத்தில் பெரிய எண்ணும் தெரியும் ஒரு வேவ் வரும், அப்போது ஸ்கொயர் தானாகவே கேட்பார், என் தடுப்புக்கு முன்னால் அந்த மெதுவாக்கும் ஆராவைப் போட முடியுமா என்று.